புவாசோன் அக்காவின் வேனில் முன் சீட்

புவாசோன் அக்காவுக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது. விசா முடிகிற தேதிதான் நிற்கும். "ஏய் மார்ச் பன்னெண்டு, பாஸ்போர்ட்டை எடு! ஜூன் நாலு எங்க, கக்கூஸ்லயா?" என்று அவள் கத்தினால், ஆறடி வெள்ளைக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வேனிலிருந்து வரிசையாக இறங்குவார்கள். சியாங் மாயிலிருந்து நான்கு மணி நேர ஓட்டம். எல்லையில் இருக்கிற மே சாய் பாலத்தில் நடந்துபோய் பர்மாக் கரையில் முத்திரை வாங்கித் திரும்பினால், மறுபடி தாய்லாந்தில் தங்கலாம். அவர்கள் வரும்வரை அக்கா பாலத்தடியில் என் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து என் குழம்பைக் குறை சொல்வாள். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. அவள் வண்டியில் வந்தவர் யாரும் விசா தேதியை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

புருஷன் குடித்தே செத்துப்போனான். "ஆம்பளை சகவாசமே வேணாம்டி, எனக்கு வண்டி போதும்" என்பாள்.

அந்த வண்டியின் முன் சீட்டில் ஆறு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெய்க்கோ வந்தார். பின்லாந்துக்காரர், பேச்சு குறைவு. வழியெல்லாம் ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக நீட்டுவார். அக்கா சாலையைப் பார்த்தபடியே வாங்கித் தின்பாள். பாலத்தடியில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரிந்த விஷயம் இவளுக்கு மட்டும் தெரியவில்லை.

ஒருநாள் என் கடையில் அவருடைய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்தாள்.

"உங்களுக்கு அம்பது முடிஞ்சிடுச்சே! இனிமே எதுக்கு இங்க அலையறீங்க? அம்பது தாண்டினவங்க விசா ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா மொத்தமா ஒரு வருஷம் தருவாங்களே!"

"பரவாயில்ல. எனக்கு வண்டி பிடிக்கும்" என்றார் வெய்க்கோ.

"வண்டி பிடிக்குமாம்! நீங்க என்ன சின்னப் புள்ளையா?"

மறுவாரமே அவரை சியாங் மாய் அலுவலகத்துக்கு இழுத்துப்போய், தானே வரிசையில் நின்று, ஒரு வருட முத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டாள். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. தனியா அனுமதி வாங்காம நாட்டை விட்டு வெளிய காலை வெச்சீங்கன்னா, இந்த ஒரு வருஷமும் காலி" என்று எச்சரிக்கை வேறு.

இதை அவள் பெருமையாக வந்து சொன்னபோது கரண்டியாலேயே போட்டிருப்பேன்.

"அக்கா, உனக்கு நேர்மை இருக்கு. கண்ணுதான் இல்ல."

"எனக்கா கண்ணு இல்ல? கொட்டற மழையில மலைப்பாதையில ஓட்டறவடி நான்!"

இவளிடம் என்ன பேசுவது? அதன்பிறகு மூன்று மாதம் அவர் வரவில்லை. முன் சீட்டில் வேறு யாரோ குறட்டை விட்டுக்கொண்டு வந்தார்கள். அக்கா தானே ஆரஞ்சு உரித்தாள், கையெல்லாம் பிசுபிசு என்று ஸ்டியரிங்கைத் திட்டினாள்.

நான்காவது மாதம் வேனிலிருந்து வெய்க்கோ இறங்கினார். என் நூடுல்ஸ் சாப்பிட வந்ததாக அக்காவிடம் சொன்னாராம். நான்கு மணி நேரம் பயணம் செய்து இதைச் சாப்பிட யார் வருவார்? என் நூடுல்ஸ் எனக்குத் தெரியாதா?

அக்கா முட்டை உரித்துக்கொண்டே திரும்பினாள். நாற்காலி காலி.

"எங்கடி அவரு?"

"மத்தவங்களோட பாலத்துப் பக்கம் போனாரு."

முட்டை தரையில் விழுந்தது. ஒரு செருப்போடு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அதற்குள் வெளியேறும் முத்திரையைக் குத்திக்கொண்டு பாலத்தின் நடுவில் நின்ற வெய்க்கோ எங்களைப் பார்த்துக் கையாட்டினார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

அவர் திரும்பியதும் அக்கா பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். கையில் விசா எதுவும் மிச்சமில்லாததால், புதிய முத்திரையில் பழைய மூன்று மாதம்கூட இல்லை, பதினைந்தே நாள்.

"யோவ்! உனக்குப் புத்தி இருக்கா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒரு வருஷத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் பதினஞ்சு நாளை வாங்கிட்டு வந்து நிக்கிறியே!"

"தெரியும்."

"என்னய்யா தெரியும்?"

"ஒரு வருஷம் இருந்தா உன்னைப் பாக்கக் காரணமே இல்ல. பதினஞ்சு நாள்னா மாசத்துக்கு ரெண்டு தடவை உன் வண்டி."

அக்கா பாஸ்போர்ட்டை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். இப்படி ஒரு காட்சியை நான் கண்டதே இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கே இந்தப் பைத்தியம் மறுபடி அலுவலகம், வரிசை என்று ஆரம்பித்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அவள் பாஸ்போர்ட்டை மெதுவாக அவர் சட்டைப்பையில் செருகினாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"புதன்கிழமை எனக்கு லீவு. வீட்டுக்கு வா. அதுக்கு முத்திரை எதுவும் வேணாம்."