டிரில் மாஸ்டரின் நீள விசில்

டிரில் மாஸ்டர் ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினால் அது லேசில் முடியாது. பிள்ளைகள் கை குலுக்கி, வலையைக் கழற்றிச் சுருட்டி, தண்ணீரும் குடித்து முடிப்பார்கள். அவர் ஊதிக்கொண்டே இருப்பார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கும். கோபம் என்று நினைத்தார்கள் பிள்ளைகள். கடமையுணர்ச்சி என்று நினைத்தார் தலைமையாசிரியை. பாவம், மனிதர் தன் நுரையீரலைச் சோதித்துக்கொண்டிருந்தார்!

அவருடைய அப்பா ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மாவு மில்லில் விழுந்து எழுந்தவர் மாதிரி இருப்பார். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் துணி துவைப்பது அக்கா. கொல்லைச் சுவரில் சட்டையை ஓங்கி ஓங்கி அடித்துத் தூசி தட்டிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவாள். பறக்கிற வெள்ளைத் தூசிக்குள் தம்பி குதித்துக் குதித்து ஆடுவான்.

போன வருடம் சலூன் ரேடியோவில் ஒரு டாக்டர், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருடம் சத்தமில்லாமல் படுத்திருந்துவிட்டுப் பிறகு வேலையைக் காட்டும் என்றார். பாதி முடி வெட்டிய தலையோடே மாஸ்டர் எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து நீள விசில்.

கடைசியில் அக்காவின் தையல் கடைக்குப் போய்ப் புலம்பினார்.

"அக்கா, நேத்தவிட இன்னிக்கு விசில் சீக்கிரம் நின்னுடுச்சு."

"நிக்கட்டும். தெருவே உன்னக் கையெடுத்துக் கும்பிடும்."

"விளையாட்டில்லக்கா. சின்ன வயசுல அந்தத் தூசியில..."

"உனக்குத் தூசி நெஞ்சுல இல்லடா, மண்டையில. போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துத் தொலையேன்."

எடுத்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு சார்."

"நிஜமாவா? விசில் வேற குறைஞ்சுகிட்டே வருதே."

"விசில் ஊதிப் பாத்தா இதெல்லாம் தெரியாது சார். அதையாவது நிம்மதியா இருக்க விடுங்க."

மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார். கதவுவரை போனவரை டாக்டர் கூப்பிட்டார்.

"ஆமா, அப்பா துணிய வீட்ல யாரு துவைச்சாங்க?"

அவ்வளவுதான், சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தூசியை நினைத்து நினைத்து உருகினாரே, அதில் குதித்த தன் கால்களை நினைத்தாரே, சட்டையைப் பிடித்திருந்த கையை ஒருநாளாவது நினைத்தாரா?

நேரே தையல் கடைக்கு வந்தார்.

"அக்கா, எழுந்திரு."

"என்னடா, ஏதாவது இருக்காமா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் பாக்கணும்."

"சீருடை தைக்கக் கெடக்கு. போடா."

அவர் போகவில்லை. மெஷினின் பெல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கழுத்தில் அளவு டேப்போடு, வழியெல்லாம் திட்டிக்கொண்டே அக்கா வந்தாள்.

எக்ஸ்ரே அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது. "டேப்ப எடுங்கம்மா. மூச்ச நல்லா இழுங்க. அப்படியே புடிங்க." வெளியே பெஞ்சில் மாஸ்டரும் இழுத்துப் பிடித்தார். உள்ளே மூச்சை விடச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அக்கா வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"விடுடா!" என்றாள்.

அக்காவின் நுரையீரல் உறையில் பழைய தழும்பு இருந்தது.

"இப்போதைக்கு பயப்படுற மாதிரி இல்ல. ஆனா வருஷா வருஷம் விடாம வந்து பாத்துக்கணும்" என்றார் டாக்டர்.

அக்கா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிழிசலைப் பார்க்கிற அதே பார்வை.

"எவ்வளவு தட்டினாலும் இது போகாதுன்னு அப்பாகிட்ட அப்பவே சொன்னேன்" என்றாள். பிறகு தம்பியிடம் கையை நீட்டினாள். "பெல்ட்டக் குடு."

அடுத்த ஆட்டம் சின்ன 'பீப்' ஒன்றோடு முடிந்தது. முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். கோல் கீப்பர் பெண் ஓடி வந்தாள்.

"சார், உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.