நாளைக்கு வாங்க என்று சொன்ன மெக்கானிக்

படகு இன்ஜின் பழுதுபார்க்கும் தொழிலில், இன்ஜினைத் தோளில் தூக்கி வருகிறவருக்கு நம்மைவிட ஒரு விஷயம் எப்போதும் கூடுதலாகத் தெரிந்திருக்கும். முப்பத்து மூன்று வயதில் பழவேற்காட்டு ஒர்க்‌ஷாப் ஒன்றில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்த என்னைவிட அவர்களுக்கு எல்லாமே கூடுதலாகத் தெரிந்திருந்தது. பயிற்சித் திட்டத்தில் சீருடை உண்டு, மாத உதவித்தொகை உண்டு, முடிவில் தேர்வும் உண்டு. தேர்வுக்கு உட்கார எட்டு வேலைகளுக்குப் படகுக்காரர்களின் கையெழுத்து வேண்டும்; எட்டாவது வேலை, தண்ணீரில் ஓட்டிக் காட்டுவது. பிள்ளை படிக்கிற வயதில் தானும் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சார் யார்?

எனக்குச் சொல்லிக்கொடுக்கும் ஜெபாவுக்கு இருபத்து மூன்று வயது. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன். தொளதொள சீருடையில் நின்ற என்னை முதலாளி என்று நினைத்த ஒரு படகுக்காரர், அரை மணி நேரம் இன்ஜினின் குறைகளைச் சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். உண்மை தெரிந்ததும் அவர் சொன்னது: "கத்துக்க வந்தவங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதா, தொண்ட வறண்டுபோச்சு."

கிளிப்

பசியாவரம் மீனவர் ஏழுமலை அண்ணன் சர்வீஸுக்கு இன்ஜினை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். கயிற்றை இழுத்தேன், ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றினேன், கார்பரேட்டரைப் பிரித்தேன். மதியத்துக்குள் பாதி இன்ஜின் சாக்கின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது.

இன்ஜினில் ஒரு சின்னச் சிவப்பு கிளிப் உண்டு. அதைச் சொருகினால்தான் ஸ்டார்ட் ஆகும். வேறு யாரும் படகை எடுக்கக் கூடாதென்று ஏழுமலை அண்ணன் அதைத் தன் அரைஞாண் கயிற்றிலேயே கட்டி வைத்திருப்பார். திரும்பி வந்தவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிளிப்பை எடுத்துக் காட்டினார். "இன்னாம்மா, கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

நாளைக்கு வாங்க

பிரித்ததைப் பூட்டியபோது ஒரு ஸ்பிரிங் மிச்சம். ஜெபா அன்று ஊரில் இல்லை. பெரிய மெக்கானிக் தோரணையில், "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கண்ணா" என்றேன். நான் காட்டூர் விவசாயக் குடும்பம். எங்களுக்குக் களையை நாளைக்கும் எடுக்கலாம், நாளை மறுநாளும் எடுக்கலாம்.

ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். விடிந்தால் ஏழுமலை அண்ணனின் பாடு. அவர் கழி ஊன்றிப் படகைத் தள்ளிப் போய்ச் சேர்வதற்குள் நீரோட்டம் திரும்பிவிட்டது. வெறும் வலையோடு வந்தவரிடம், ஜெபா வந்து சரிசெய்து கொடுத்த இன்ஜினைத் துடைத்துப் பளபளவென்று கொடுத்தேன். கூனிக் குறுகிப் போனேன், அவர் திட்டவே இல்லை. "ஏரி நாளைக்கும் இருக்கும்மா. நாளைக்கு அது எங்களுது இல்ல."

எட்டாவது கையெழுத்து

அதன்பிறகு பசியாவரத்தில் யாரும் என்னிடம் இன்ஜின் கொடுக்கவில்லை. ஏழு கையெழுத்தோடு நோட்டு நின்றது. தேர்வுக்கு ஒரு வாரம்தான். "அவரையே போய்க் கேளுங்கக்கா" என்றார் ஜெபா. ஏழுமலை அண்ணனின் அடுத்த பாடு அன்று படகுத்துறையில் போய் நின்றேன். "ஏறு. நின்னுச்சுன்னா நீதான் தள்ளணும்" என்றார்.

அதுவரை நான் படகில் ஏறியதே இல்லை. காலையில் சாப்பிட்ட இட்லி சீக்கிரமே ஏரிக்குப் போனது. கொஞ்ச தூரத்தில் இன்ஜினும் நின்றது. முதலில் கிளிப்பைப் பார்த்தேன், இருந்தது. புரொப்பல்லரில் பழைய வலை சுற்றி, அதைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி உடைந்திருந்தது. இறங்கித்தான் மாற்ற வேண்டும். நீச்சல் தெரியாது. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "எறங்கும்மா, இடுப்பளவு தண்ணிதான்" என்றார். இடுப்புகூட இல்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. வலையை அறுத்தெடுத்துப் புது ஆணி போட்டேன். நீரோட்டம் திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்தோம்.

கரைக்கு வந்து கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் பயிற்சி பெறுபவரின் திறன் பற்றி எழுத ஒரு கட்டம் இருந்தது. யோசித்து, அதில் எழுதினார்: "வேல தெரியுது. ஏரிதான் தெரில."

தேர்வுக்கு வந்த அதிகாரி அதைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் எனக்குத் தேர்ச்சி போட்டார். இப்போது யார் இன்ஜினைத் தூக்கி வந்தாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், உங்க பாடு என்னைக்கு என்றுதான் கேட்கிறேன்.