டாக்டரம்மா குரலில் ஒரு பதில்

மிருக கிளினிக்கில் நோயாளி வாயைத் திறக்காது. கூட வந்தவர்தான் அதுக்கும் சேர்த்துப் பேசுவார்.

எந்தக் கவுண்டருக்குப் பின்னாலாவது நின்று வேலை பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிவிட்டு வீட்டில் சும்மா கிடப்பானேன் என்று, மலேசியாவில் எங்கள் ஈப்போவில் ஒரு மிருக கிளினிக்கில் சேர்ந்தேன். அங்கே மொத்தம் மூன்றே பேர். ஒருவர் டாக்டரம்மா. மூன்று தலைமுறையாக இந்த ஊர்தான் என்றாலும் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம். அடுத்தவர், மிருகங்களை அசையாமல் பிடித்துக்கொள்ளும் குணா அண்ணன். மூன்றாவது நான். போன் எடுப்பேன், மருந்துக்கு லேபல் ஒட்டுவேன், நேரம் கிடைத்தால் எல்லார் குரலிலும் பேசிக் காட்டுவேன். கடைசி வேலையை யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ், பாசாரில் மீன் வெட்டுகிறவர், காரில் வழி சொல்லும் மெஷின்காரி, எல்லாரும் என் தொண்டைக்குள் குடியிருந்தார்கள்.

இந்த வாயால்தான் செமோர் பக்கம் மாடு வளர்க்கும் லெட்சுமி அக்காவின் பால் வியாபாரம் போனது. சிரிப்புச் சங்கதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதைக்குப் போய்விட்டால் எனக்குச் சிரிப்பு வராது.

மாற்று நாய்

கிளினிக்கின் முதல் சட்டம்: மிருகத்தைப் பார்க்காமல் மருந்து கிடையாது. டாக்டர் தொட்டுப் பார்த்து, எடை போட்டு, எழுதிக் கொடுத்த பிறகுதான் நான் அலமாரியைத் திறக்கலாம். தாப்பாவிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். கூட நாய் இல்லை. ஹேன்போனில் ஒரு கறுப்பு நாயின் படம்தான் இருந்தது. "காதுல சீழ் வடியுது தங்கச்சி. போன தடவ குடுத்த மருந்தையே குடு." நாயைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, காதுக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் நிஜமாகவே ஒரு கறுப்பு நாயோடு வந்துவிட்டார். டாக்டரம்மா இந்தக் காதைத் திருப்பினார், அந்தக் காதைத் திருப்பினார். இரண்டும் கழுவி வைத்த மாதிரி இருந்தன. "சீழ் எங்க?" என்று கேட்டார். விசாரித்தால், அது பக்கத்து வீட்டு நாயாம். இவருடைய நாய் காரில் ஏற்றினால் கடிக்குமாம். கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னார்: "ரெண்டும் ஒரே கலர்தானே லா, டாக்டர். மருந்துக்கு எப்படித் தெரியும்?"

பதினொரு ஆ பாய்

ஒரு பிராணிக்கு எழுதிய மருந்து அந்தப் பிராணிக்கு மட்டும்தான். லேபலில் அதன் பெயர், சொந்தக்காரர் பெயர், தேதி எல்லாம் இருக்கும். ஒட்டுவது நான்தான் என்பதால் எனக்கு மனப்பாடம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வரும் ஒரு சீன ஆண்ட்டி தெருப்பூனைகளுக்குச் சோறு போடுகிறவர். 'ஆ பாய்' என்ற பூனைக்குச் சொறி மருந்து வாங்கிப் போனார். மறு வாரம் ஆ பாய் வந்தது. போன வாரம் மஞ்சளாக இருந்த ஆ பாய் இந்த வாரம் வெள்ளை. அதற்கடுத்த வாரம் மூன்று நிறத்தில் ஒன்று, வயிற்றில் குட்டிகளோடு வந்தது.

டாக்டரம்மா பழைய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "ஆண்ட்டி, இது எந்த ஆ பாய்?" என்றார். சினைப் பூனைக்குக் கொடுக்கும் மருந்து வேறு, அளவும் வேறு என்று பொறுமையாக மலாயில் விளக்கினார். ஆண்ட்டி கூடையை மூடிக்கொண்டு மலாயிலேயே பதில் சொன்னார். அதை நான் ஒரு வாரம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்: "பதினொண்ணும் ஆ பாய்தான். ஒண்ணக் கூப்பிட்டா எல்லாம் வரும், டாக்டர். மருந்தும் அப்படித்தானே?"

குரலுக்கு மரியாதை

தெலுக் இந்தானில் நாய்க்குட்டி விற்கும் ஒருவர் போன் செய்தார். எட்டுக் குட்டிகளுக்கும் வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாட்டிக் பாட்டில் ஒன்றை லாரியில் போட்டு அனுப்ப வேண்டும் என்றார். முடியாது, குட்டிகளைக் கொண்டு வாருங்கள் என்றேன். "நீ யாரும்மா முடியாதுன்னு சொல்ல? கவுண்டர்ல நிக்கிற புள்ளதானே?" பத்து நிமிஷம் இதே பாட்டு. டாக்டரம்மா உள்ளே ஒரு பூனையின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார். எதிரே நின்ற குணா அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை ஒரு தூக்குத் தூக்கினார். எனக்கு அது போதும்.

"இருங்க, டாக்டரக் கூப்பிடுறேன்" என்று போனைப் பொத்தினேன். ஐந்து வரை எண்ணினேன். அப்புறம் மூக்கின் மேல்பக்கத்திலிருந்து பேசினேன்: "வணக்கம். குட்டிகளைப் பாக்காமல் மருந்து தர ஏலாது. நாளைக்கு எட்டையும் கொண்டு வாங்கோ." அந்தப் பக்கம் அப்படியே அடங்கிப்போனது. "சரிங்க டாக்டர். கோவிச்சுக்காதீங்க டாக்டர்." மறுநாள் எட்டுக் குட்டிகளும் பெட்டியில் வந்து இறங்கின. உண்மையான டாக்டர் பார்த்து உண்மையான மருந்து எழுதினார். எட்டும் பிழைத்தன. நான் செய்தது நல்ல காரியம் என்றே நினைத்துக்கொண்டேன். அதிலிருந்துதான் வினை ஆரம்பித்தது. என் குரலில் சட்டத்தைச் சொன்னால் வாய்ச்சண்டை, டாக்டரம்மா குரலில் சொன்னால் கும்பிடு. ருசி கண்டுவிட்டேன். குணா அண்ணன் வேறு ஏற்றிவிட்டார்: "நீ போய் டாக்டர் நாற்காலியில உக்காரு. ஊசிய நான் பாத்துக்கிறேன்."

சிவப்புக் கயிறு

லெட்சுமி அக்காவுக்கு நான்கு கறவை மாடுகள். ஒரு காலத்தில் ரப்பர் பால்மரக் காடாக இருந்து இப்போது எண்ணெய்ச் செம்பனையாகிவிட்ட தோட்டத்தின் ஓரத்தில் கொட்டகை. தோட்டத்து லய வீடுகளை விட்டுப் போனவர்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள். அங்கே பதினாறு வீட்டுக்கு அக்காவின் பால்தான். ஒரு திங்கட்கிழமை, ஒரு மாட்டுக்கு மடி வீங்கிப் பால் திரிதிரியாக வந்தது. டாக்டரம்மா நேரில் போய் ஊசி போட்டார். நானும் கூடப் போயிருந்தேன். ஊசி போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டுவது எங்கள் வழக்கம். கயிறு இருக்கும்வரை அந்தப் பாலைத் தனியாகக் கறந்து கீழே கொட்ட வேண்டும், மற்றப் பாலோடு சேரக்கூடாது. மருந்து பாலில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கயிற்றை அவிழ்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். லேபலில் நான்தான் எழுதினேன்.

புதன்கிழமை மத்தியானம் டாக்டரம்மா தாப்பாவில் ஓர் ஆட்டுப் பண்ணைக்குப் போயிருந்தார். போன் அடித்தது. லெட்சுமி அக்காவின் நம்பர். குணா அண்ணன் எதிரில் இருந்தார். அக்கா என்னை நன்றாகத் தெரிந்தவர், ஒரு நிமிஷம் ஏமாற்றிவிட்டு 'நான்தான் அக்கா' என்று சொல்லிச் சிரிக்கலாம் என்று "ஹலோ, சொல்லுங்கோ" என்றேன். "டாக்டர், கட்டி எல்லாம் போயிருச்சு. பால் நல்லா வெள்ளையா வருது. கயித்த அவுத்துரலாமா? கொட்ட மனசு வரல டாக்டர்." நான் அதே குரலில், "ஓம் ஓம், வடிவா அவிழுங்கோ" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவர் லாரியில் அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். தரையெல்லாம் ரத்தம். போனை வைத்தேன். அப்புறம் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். சாயங்காலம் தரையைக் கழுவி, கதவைப் பூட்டி, பஸ் ஏறிவிட்டேன். போனின் மறுமுனையில் அக்கா கடைசியாகச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "நீங்க நல்லா இருக்கணும் டாக்டர். இந்தா, இப்பவே அவுத்துடுறேன்."

புதன்கிழமை யார் பேசியது?

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேர் கிளினிக்குக்குள் வந்தார்கள். முன்னால் வந்தது தாமானில் இருக்கும் ஓர் இளம் தாய். பின்னால் லெட்சுமி அக்கா. அந்தத் தாயின் மூன்று வயதுப் பிள்ளைக்கு, மாட்டுக்குப் போட்ட அந்த வகை மருந்து ஆகாது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். வியாழக்கிழமை பால் குடித்த கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. கண் மூடிக்கொள்கிற அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிள்ளை தேறிவிட்டது. ஆனால் இன்னும் வார்டில்தான் இருந்தது.

"நீங்கதானே டாக்டர் அவுக்கச் சொன்னீங்க?" என்றார் லெட்சுமி அக்கா. "புதன்கிழமை மத்தியானம். போன்ல."

"புதன்கிழமை நான் தாப்பாவில நிண்டனான், லெட்சுமி. ஞாயிறு எண்டுதானே சொன்னனான்? நான் சொல்லேல்லை." டாக்டரம்மா போன் நோட்டை எடுத்தார். போனில் யாருக்கு என்ன சொன்னாலும் அதில் எழுதி வைக்க வேண்டும், அதுவும் சட்டம். புதன்கிழமைக்கு நேரே ஒன்றுமில்லை. குணா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் லேபல் சுருளைப் பார்த்தேன். என் தொண்டைக்குள் அத்தனை பேர் குடியிருந்தும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அக்கா மறுபடியும், "இல்ல டாக்டர், உங்க குரல்தான்" என்றார். அந்தத் தாய் திரும்பி, எங்கள் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டார்: "மாட்ட வச்சுப் பொழைக்கிற நீ, டாக்டர் மேலயே பழியப் போடுறியே. உனக்கு நாக்குக் கூசல?"

நோட்டில் ஒரு வரி

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் தாமானில் பதினாறு வீடும் பாலை நிறுத்திவிட்டன என்று குணா அண்ணன் விசாரித்து வந்து சொன்னார். கெட்ட பால் விற்றதற்காக மட்டுமில்லை, பொய் சொன்னதற்காக. அக்கா நான்கு மாட்டுப் பாலையும் கறந்து செம்பனை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாராம். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார் குணா அண்ணன். அவர் கண்ணில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை, டாக்டரம்மா டீ குடிக்கும் நேரத்தில் போய் நின்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். போன் நோட்டை என் முன்னால் தள்ளி, புதன்கிழமைக்கு நேரே நான் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன். கீழே கையெழுத்தும் போடச் சொன்னார். தானும் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டார். எதற்கு என்று கேட்டேன். "என்ர குரலை நீ எடுக்கிறாய் எண்டு எனக்கு முதலே தெரியும், பிள்ளை. அண்டைக்கு நாய்க்குட்டிக்காரரோட நீ கதைச்சதை உள்ளே நிண்டு கேட்டுச் சிரிச்சனான். கண்டிக்கேல்லை. அதுக்குத்தான்."

செய்து காட்டு

அன்று சாயங்காலமே டாக்டரம்மா என்னைக் காரில் ஏற்றித் தாமானுக்குக் கூட்டிப் போனார். லெட்சுமி அக்கா வீட்டு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். நான்தான் பேசினேன், டாக்டர் பேசவில்லை, அக்கா பொய் சொல்லவில்லை என்றேன். யாரும் நம்பவில்லை. டாக்டரைக் காப்பாற்ற இந்தப் பெண்ணைச் சொல்லச் சொல்கிறார்கள் என்றார் ஒருவர். அந்தத் தாய் முன்னால் வந்து, "அப்படியா? எங்க, செஞ்சு காட்டு" என்றார்.

என்னை யாராவது 'செய்து காட்டு' என்று கேட்டால் ஆனந்தமாக இருக்கும், எப்போதும். அன்று மட்டும் இல்லை. டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "ஓம் ஓம், வடிவா அவிழுங்கோ" என்றேன். ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. ஒரு சின்னப் பையன் கைதட்டினான், அவன் அம்மா கையைப் பிடித்து அடக்கினார். லெட்சுமி அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இதான். இந்தக் குரல்தான்" என்றார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அக்கா பொய்க்காரி இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் பால் வாங்கத் திரும்பி வந்தது நான்கே வீடு. மற்றவர்கள் பெட்டிப் பாலுக்குப் பழகிவிட்டார்கள். ஒருமுறை பயந்த வயிறு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அடுத்த மாதம் அக்கா இரண்டு மாடுகளை விற்றார்.

மன்னிப்புக் கேட்க மறுபடி தனியாகப் போனேன். கொட்டகையில் காலியான பக்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். திட்டுங்கள் அக்கா என்றேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "டாக்டரக் கேட்டுச் சொல்றேன்னு நீ உன் குரல்லயே சொல்லியிருந்தா, ஞாயித்துக்கிழம வரைக்கும் கொட்டிக்கிட்டு இருந்திருப்பேனே, தங்கச்சி. நாலே நாள்தானே."

இப்போது வாடிக்கையாளர்கள் போனில் என்னைப் பத்து நிமிஷம் திட்டினாலும் சொந்தக் குரலிலேயே வாங்கிக்கொள்கிறேன். அந்தக் குரல் அப்படியொன்றும் இனிமையாக இல்லை, ஆனால் அதைக் கேட்டு இதுவரை யாரும் எந்தக் கயிற்றையும் அவிழ்த்ததில்லை.