சொம்பில் வெட்டிய பெயர்

பின்லாந்தில் எங்கள் அலுவலகத்துக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் தயிர் டப்பா, பால் டப்பா, பாதி தின்ற ரொட்டி என்று எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். நாளைக்குக் குப்பைக்குப் போகிற டப்பாவுக்குப் பெயர் உண்டு, காலத்துக்கும் இருக்கிற பாத்திரத்துக்குக் கிடையாது. வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் மேஜைமேல் இருக்கும் எவர்சில்வர் சொம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்து, உடன் வேலை செய்யும் மிக்கா, அது கம்பெனி பெயரா என்று கேட்டான். லூர்துமேரி, என் அம்மாவின் பெயர் என்றேன். அப்படியானால் இது இரவல், திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையா என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் வேலை கெட்டுவிடும்.

நம் பக்கம் கல்யாணத்துக்குப் பாத்திரம் வைப்பவர்கள் தங்கள் பெயரை வெட்டித்தான் வைப்பார்கள். எத்தனை வருடம் போனாலும் எந்தக் குடம் யார் கொடுத்தது என்று தெரியும். அம்மா போளூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஜமுனாமரத்தூரில் சாமை விதைப்பவர். கலப்புக் கல்யாணம் என்று இரண்டு வீட்டாரும் வரவில்லை. அம்மா புளி உடைத்த கூலியில் போளூர்க் கடையில் ஒரு சொம்பு வாங்கினார். யார் பெயரைப் போட என்று கடைக்காரர் கேட்டபோது தன் பெயரையே சொன்னார். தனக்குத் தானே வைத்துக்கொண்ட சீர் அது. நான் விமானம் ஏறியபோது அதைத்தான் துணிக்கு நடுவில் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

பளபளப்பான பொருள்களைக் கணினியில் நிஜம் போலக் காட்டுவது என் வேலை. ஒளி எங்கெங்கே பட்டுத் திரும்புகிறது என்று கணினி ஒவ்வொரு கதிராகக் கணக்குப் போட வேண்டும். பாதியில் நிறுத்தினால் படம் ரவை தூவியது போல் பொரிப்பொரியாக வரும். அந்தப் பொரியைத் துடைத்து, விட்டுப்போனதை ஊகித்து நிரப்ப எங்களிடம் ஒரு நிரல் இருக்கிறது. ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது அது. வாடிக்கையாளருக்குக் காட்டப்போகும் சமையலறைப் படத்தில் என் சொம்பையும் வைக்கலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன், அவர் ஜமுனாமரத்தூர்ச் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார்.

படம் வந்தது. சொம்பு பளபளத்தது, பெயரைக் காணோம். வெட்டிய புள்ளிகளையும் பொரி என்று நினைத்து நிரல் துடைத்திருந்தது. அது பார்த்துப் பழகிய பாத்திரம் எதிலும் பெயர் இல்லை.

“முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறதே,” என்றான் மிக்கா. பாராட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாணத்துக்கு வராதவர்களின் வேலையை இந்த நிரலும் செய்கிறதே என்றிருந்தது. பெயர் இல்லையென்றால் சொம்பே வேண்டாம், எடுத்துவிடலாம் என்றேன். மிக்கா நிஜச் சொம்பைக் கையில் எடுத்து, விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தான். அப்படியானால் நிரலுக்குப் பெயர் வெட்டிய பாத்திரங்களைக் காட்டு, கற்றுக்கொள்ளட்டும் என்றான். அந்த வாரம் முழுக்கக் கணினிக்குள் தட்டு, குடம், தூக்கு என்று செய்து, தெரிந்தவர் பெயரையெல்லாம் வெட்டினேன். அன்று வராத மாமாவையும் பெரியப்பாவையும் விடவில்லை. இப்போதாவது ஆளுக்கொரு பாத்திரம் வைக்கட்டும்.

அடுத்த படத்தில் லூர்துமேரி புள்ளி பிசகாமல் இருந்தார். அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்து கூப்பிட்டேன்.

“பேரு நல்லா தெர்யுது. சந்தையில எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்,” என்றார். அப்புறம், “சொம்புல அந்த வூட்டு ஜன்னல் தெர்யுது, மேஜை தெர்யுது. நீ எங்கடி? எதிர்ல நின்னு பாக்குறவ மூஞ்சி வுழணுமே,” என்றார்.

கணினிப் படத்தில் பார்க்கிற கண் மட்டும்தான் உண்டு, பார்ப்பவருக்கு உடம்பு கிடையாதம்மா என்றேன். எங்கள் தொழிலில் அது சாதாரண விஷயம்.

“இன்னாவோ போ. சாப்ட்டியா?”

போனை வைத்துவிட்டு மேஜைமேல் இருந்த சொம்பைப் பார்த்தேன். ஜன்னலும், வெளியே பனியும், அம்மாவின் பெயருக்குக் கீழே சப்பையாக என் முகமும் தெரிந்தன. பக்கத்துத் திரையில் இருந்த சொம்பிலும் ஒரு ஜன்னல், அதே பெயர். எதிரே யாரும் இல்லை.