சும்மா பார்ப்பதற்கு

அச்சகத்து முதலாளிக்கு அவள் “டைப்பிங் அம்மா”. வீட்டிலிருந்தபடி பக்கக் கூலிக்கு அடித்துக் கொடுத்தே காலம் ஓடியது. இப்போது அச்சகத்தில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி காலியாகியிருந்தது, மாதச் சம்பளம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் சுயசரிதையில் கடைசி அத்தியாயம் மறுநாள் காலை கைக்கு வந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் தன் அக்கா மகளுக்கு என்று முதலாளி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் படுத்துக்கொண்டது. ஓர் எழுத்தை அடித்தால், அது திரைக்கு வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம். கணவனின் தம்பி பென்டிரைவோடு வந்தான். கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

“லினக்ஸ், அண்ணி. விண்டோஸுக்குப் பதிலா. இந்தக் கிழட்டுக் குதிரையக்கூட ஓட வெச்சிடும். இன்ஸ்டால் பண்ண வேணாம், பென்டிரைவுலயே ஓடும். சும்மா ட்ரை பண்ணிப் பாருங்க.”

“என் ஃபைலுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதே, தம்பி?”

“உள்ள இருக்கறத அது தொடவே தொடாது.”

அவன் பொய் சொல்லவில்லை. குதிரை ஓடியது. பகல் முழுக்க அடித்தாள். பக்கத்துக்குப் பக்கம் சேமித்தாள். மாலையில் நீதிபதி தன் மனைவிக்கு நன்றி சொல்லி முடித்தபோது, அவளுக்கே தீர்ப்பு சாதகமாக வந்த மாதிரி இருந்தது.

கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: “வேலை முடிஞ்சுதுல்ல? அப்புறம் எதுக்கு அது எரிஞ்சுகிட்டுக் கிடக்கு? ஆஃப் பண்ணு. கரண்ட் என்ன உங்கப்பன் வீட்லேருந்தா வருது?”

முறைப்படி அணைத்தாள்.

காலையில் மறுபடி திறந்தாள். திரை துடைத்துவிட்டது போல இருந்தது. கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

“ஐயோ அண்ணி, அதுலயா சேவ் பண்ணீங்க? ட்ரை பண்றப்ப எதுவும் தங்காது. ஆஃப் பண்ணா அத்தனையும் போயிடும்.”

“நீங்க சொல்லவே இல்லியே தம்பி.”

“சும்மா பாருங்கன்னுதானே சொன்னேன்? வேலை செய்யவா சொன்னேன்?”

சவரம் செய்துகொண்டிருந்த கணவன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்: “அவன் மேல ஏன் பாயற? நல்லதுக்குத்தானே செஞ்சான். உன்னை யாரு ஆஃப் பண்ணச் சொன்னது?”

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. நேற்றுச் சொன்னது அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை.

ஜன்னலோரத்தில் அக்கா மகள் உட்கார்ந்தாள். “வீட்லேருந்தே அடிம்மா, உனக்கும் அதான் சௌகரியம்,” என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் சாப்பிட வந்தான். “நல்லா ஓடுச்சுல்ல அண்ணி? நிரந்தரமா போட்டுடலாமா?”

“போடுங்க தம்பி,” என்று அவன் தட்டில் சோற்றை வைத்தாள். “இந்த வீட்ல அதுவாவது நிரந்தரமாகட்டும்.”

நல்ல ஜோக் என்று நினைத்து, அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள்.