காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள்

பாலாற்றில் மணலைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு வருடத்தில், நீர் மேலாண்மை படிக்க ஐரோப்பாவுக்குப் போவது என்று நான் முடிவெடுத்தேன். அதற்கு முன் நான் தாண்டிய மிகப் பெரிய எல்லை செங்கல்பட்டு.

அந்தப் படிப்பே ஒரு விசித்திரம். மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரே முதுகலைப் பட்டம் கொடுக்கும். முதலில் ஒரு நாட்டில் கொஞ்சம், அடுத்த நாட்டில் கொஞ்சம், ஆய்வேடு எழுத மூன்றாவது நாடு. உதவித்தொகை கிடைத்தால் விமானம் முதல் சாப்பாடு வரை அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டுத் தறிகளோடு பக்கத்து வீட்டுத் தறிகளையும் விற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். கல்லூரியில் என் வகுப்பு. சின்ன காஞ்சிபுரம். அப்பா பள்ளியில் கணக்கு வாத்தியார். காலையில் பெருமாள் சன்னதியில் பிரபந்தம் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். நான் அதே ஊரில் பிள்ளையார்பாளையம். தறிச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிற வம்சம். இரண்டு வீட்டுக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அப்படித்தான் அப்போது நினைத்திருந்தேன்.

விண்ணப்பத்தைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் எழுதினோம். பக்கத்துப் பக்கத்துத் தடுப்பு. இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் அந்த மூன்று பல்கலைக்கழகங்களின் புகழைப் பாடி, பேராசிரியர்களின் பாதங்களில் பணிந்து, இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் தட்டியிருந்தேன். அவள் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னது இது? முனிசிபல் சேர்மனுக்கு மனுவா?"

"கேக்கறவன் மரியாதையாத்தானே கேக்கணும்."

"பாதத்தை எடு. முதல்ல அதை எடு. உனக்கு என்ன தெரியுமோ அதை எழுது."

எனக்கு என்ன தெரியும்? யோசித்ததில் திருமுக்கூடல்தான் வந்தது. சின்ன வயதில் அங்கே கரையில் நின்று, மூன்று ஆறும் கலந்த தண்ணீரில் எது எந்த ஆறு என்று அப்பாவை நச்சரித்தது. இப்போது மூன்றுமே ஒரே மணலாகக் கிடப்பது. அவள் தடுப்பைச் சுற்றி வந்து அதை இரண்டு தடவை படித்தாள்.

"இது மட்டும் போதும்" என்றாள். பிறகு, "ரெண்டு பேருக்கும் கிடைக்கணும். மூணு ஊரையும் தனியாப் பாத்துட்டு யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

பெண்கள் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். கேட்டவன் அதைக் காலமெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

மதிப்பெண் சான்றிதழ் நகல்களைக் கூரியரில் அனுப்ப வேண்டும். கூரியர் கடை எங்கள் தெரு முனையில் என்பதால் அவளுடைய உறையும் முந்தின நாளே என் வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் எழுந்து பார்த்தால் இரண்டு உறைகளிலும் நான்கு மூலைக்கும் மஞ்சள்.

"யம்மா, இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கே? வெள்ளைக்காரன் கறை பட்ட கவருன்னு குப்பையில போடப் போறான்."

"நல்ல காரியத்துக்குப் போற காயிதம் மொட்டையாவா போவும்? அந்தப் பொண்ணுதும் கூடவே இருந்துக்கினு இருந்துது. உன்னுதுக்கு மட்டும் வெச்சா பாவமில்ல?"

துடைத்தேன். மஞ்சள் பரவியது. மேலும் துடைத்தேன். முழு உறையும் மங்களகரமானது. நாட்டுக்குள் நுழையவிடாமல் சுங்கத்தில் நிறுத்தி, இது என்ன ரசாயனம் என்று விசாரிப்பார்கள் என்ற பயத்தில், 'மஞ்சள் ஒரு கிருமிநாசினி' என்று விளக்கக் குறிப்பு எழுதி உள்ளே வைத்தேன். அந்தக் காகிதத்தை அவள்தான் கூரியர் கடை வாசலில் உருவிக் கிழித்துப் போட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

கூரியர்காரர் உறைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்கள் ஊரில் நான்கு மூலையும் மஞ்சள் தடவி வருகிற உறைக்கு ஒரே அர்த்தம்தான்.

"தை பொறக்கறதுக்குள்ள பத்திரிகையா? பொண்ணும் மாப்பிள்ளையுமே வந்துட்டீங்க. எப்பப்பா முகூர்த்தம்?"

அவள் இல்லை என்று சொல்லவில்லை. ரசீதில் முகவரி எழுதிக்கொண்டே இருந்தாள். நான்தான் தறியில் இழை அறுந்தவன் மாதிரிப் பதறினேன்.

"ஐயோ, பத்திரிகை இல்லண்ணா. அப்ளிகேஷன். படிப்புக்கு. தனித்தனி அப்ளிகேஷன்ணா."

எத்தனை தடவை சொன்னேனோ, அவள் கடைசியில் நிமிர்ந்து, "அவருக்குப் புரிஞ்சுது, விடு" என்றாள்.

கோடையில் முடிவு வந்தது. அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். யாராவது வேண்டாம் என்றால் அந்த இடம் எனக்கு. இடம் கிடைத்தவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உலகத்தில் யாரோ ஒருவருக்குக் கால் சுளுக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்து சொன்னாள். "அப்பா வேண்டாம்னுட்டார். மூணு நாடு, தனியா ஒரு பொண்ணு, முடியாதுங்கறார். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணும். வரலைன்னு எழுதிடறேன். இடம் உனக்கு வரும்."

போக வேண்டும் என்ற வெறி எனக்கு எவ்வளவு இருந்ததோ, அவ்வளவும் அப்போதே வற்றிப்போயிற்று. அவள் இல்லாமல் அந்த மூன்று ஊரையும் பார்த்துவிட்டு நான் யாரிடம் போய்ச் சொல்வது? சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் வாசலில் திருமண் இட்ட நெற்றியைக் கண்டதும் பறந்துபோயிற்று.

"சார், அவங்களை அனுப்பணும் சார்."

"உக்காருப்பா. மூச்சு வாங்கிக்கோ" என்றார் அவள் அப்பா. "நீயும் அப்ளை பண்ணியிருந்தியாமே. என்ன ஆச்சு?"

"வெயிட்டிங் லிஸ்ட் சார். முதல் ஆள்."

"இவ போகலேன்னா?"

"எனக்குக் கிடைக்கும் சார்."

கணக்கு வாத்தியார். விடை உதைக்கிறது என்பது உடனே தெரிந்துவிட்டது. "அப்போ இவளை அனுப்புன்னு நீ ஏம்பா வந்து சொல்றே?"

நாக்கு என்னைக் கேட்காமல் பேசியது. "கன்ஃபர்ம் டிக்கெட் வெச்சிருக்கவங்க ஏறாம, நான் போய் உக்காந்தா சீட்டு உறுத்தும் சார்."

அவர் சிரிக்கவில்லை. உள்கதவைப் பார்த்தார்; அதன் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். மறுபடி என்னைப் பார்த்தார்.

"பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு கவர் மஞ்சள் தடவிப் போச்சாம். பொண்ணுக்கு எங்க சம்பந்தம்னு கூரியர்காரர் என்கிட்டயே விசாரிச்சார்."

"அது எங்கம்மா சார், அவங்க எதுக்குமே—"

"நான் ஒண்ணும் கேக்கலையேப்பா." குரல் தன்மையாகத்தான் இருந்தது. உள்ளே பார்த்து, "மோர் கொண்டா" என்றார். அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே போனாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "ஆகட்டும். போய்ப் படிச்சுட்டு வரட்டும். அதுதான் எல்லாருக்கும் நல்லது."

ஜெயித்துவிட்டேன் என்று ரங்கசாமி குளம்வரை வேகமாகத்தான் மிதித்தேன். அங்கே வந்ததும்தான் உறைத்தது. என் வாதத்தைக் கேட்டு அவர் மனம் மாறவில்லை. என்னைப் பார்த்து மாறியிருக்கிறார். தெரியாத மூன்று நாடுகளைவிட, தெரிந்த பிள்ளையார்பாளையம்தான் அவருக்கு ஆபத்தாகப் பட்டிருக்கிறது.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டாள். "உன்னை யாரு வரச் சொன்னா?"

"யாரும் இல்ல."

"உனக்குப் போகணும்னு ஆசையே இல்லையா?"

"பாஸ்போர்ட் போட்டோல நான் நல்லாவே இல்ல. எப்படியும் திருப்பி அனுப்பிடுவான்."

என் ஜோக்குக்கு அவள் சிரிக்காதது அன்றுதான் முதல் முறை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

ஆவணியில் போனாள். தேர்வான எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், பட்டியல் முடிக்கப்பட்டது என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. யாருக்கும் கால் சுளுக்கவில்லை. அவளும் எழுதினாள். 'இங்கே ஊருக்கு நடுவில் ஆறு. கரை முட்டத் தண்ணீர். பாலத்தில் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். சொல்லத்தான் ஆள் இல்லை.' அதற்கு என்னென்னவோ தட்டி, அழித்து, கடைசியில் 'குடத்தோடு வரட்டுமா' என்று ஒரு வரி அனுப்பினேன். இரண்டாவது நாட்டிலிருந்து கடிதங்கள் குட்டையாக வந்தன. மூன்றாவதிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது.

சில வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மா பத்திரிகைகளை வரிசையாக அடுக்கி மூலைக்கு மூலை மஞ்சள் வைத்தாள். அவளுடைய வெளிநாட்டு முகவரி எழுதிய ஒன்றை எடுத்துக்கொண்டு தெரு முனைக்குப் போனேன். அதே கூரியர்காரர், முடி நரைத்திருந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தார். முகவரியில் இருந்த பெயரைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் ஏதாவது கேட்பார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்காமல் எடை போட்டார்.

"இது பத்திரிகைதாண்ணா" என்றேன் நானாகவே.

"தெரியுதுப்பா" என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.