பயத்தை மேடையேற்றிய செல்வநாயகி

வெள்ளிக்கிழமை காலை மில் அலுவலகத்தில் பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் டைப்பிஸ்ட் செல்வநாயகி காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று அவருடைய கொழுந்தனார் சொன்னார். "சரிங்க" என்று போனை வைத்துவிட்டு மீதி பில்களையும் பார்த்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் துக்கம் வந்தது. நம் ஞாயிற்றுக்கிழமைக் கவிதைக் கூட்டத்தில் அவர் கவிதைகளைக் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பீளமேட்டு டுட்டோரியல் மாடியில் நாம் கூடும்போது அவர் கதவோரத்து நாற்காலியில்தான் உட்காருவார். காரணமே இல்லாமல் அவருக்கு நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், எழுந்து ஓட வேண்டும் போலிருக்கும். டாக்டர்கள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். லேத் பட்டறை வைத்திருந்த கணவர் வேலுசாமி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எதுக்குப் பயப்படறேன்னு சொல்லு, சரி பண்ணிப்போடலாம். எதுக்குன்னே தெரியாதுன்னா அதென்ன பயம்?" என்பாராம். மோட்டாரில் சத்தம் வந்தால் பழுது எங்கே என்று தேடுகிற மனிதர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தான் நடிக்கவில்லை என்று கணவர் நம்பினால் போதும், செல்வநாயகிக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்காகத்தான் தன் பயத்தைக் கவிதையாக எழுதினார். நம்மில் பலர் காதலிக்காமலேயே காதல் கவிதை எழுதிக் குவித்த காலம் அது. ஒருமுறை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவருடைய கவிதையின் கடைசியில் ஒரு விடியல் வைத்தால் நன்றாயிருக்கும் என்று யோசனை சொன்னார். "எனக்கு இன்னும் விடியலீங்களே சார். நீங்க வேணும்னா உங்க கவிதைல வச்சுக்கோங்க" என்றார் செல்வநாயகி. தலைமையாசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

பொங்கல் விழாக் கவியரங்கத்தில் அவருக்கு விழுந்த தலைப்பு 'அஞ்சாமை'. யார் செய்த குறும்போ தெரியாது. வேலுசாமி முன்வரிசையில் இருந்தார். கவியரங்க வழக்கம் நமக்குத் தெரியும்: ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்வார்கள், கைதட்டல் விழும், "மறுபடியும்!" என்று குரல் வரும். செல்வநாயகி மைக்கைப் பிடித்து, "அடுப்பை அணைத்தேனா? அணைத்தேன்" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். வழக்கப்படி கைதட்டினார்கள். மூன்றாம் தடவை சொன்னபோது சிரிப்பு கிளம்பியது, யாரோ "மறுபடியும்!" என்று கூவினார். அவர் மறுபடியும் சொன்னார். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் அவருக்குள் நடப்பது இதுதான் என்று கூட்டத்துக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு மெதுவாக முடித்தார்:

தொட்டுப் பார்த்தேன், சூடில்லை.
என் கையை நான் நம்ப
இன்னொரு கை வேண்டும்.

யாரும் கைதட்டவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வேலுசாமி பொரிந்து தள்ளினார். "ஊட்டுச் சங்கதிய மைக்குல சொல்லிப்போட்டியே!"

"ஊட்டுல சொன்னப்ப நீங்க கேக்கலீங்களே" என்றார் செல்வநாயகி. அவர்களோடு வந்திருந்த நான், பஸ் வரும்வரை எதிர்க்கடைப் பலகையைப் படிப்பதுபோல் நின்றிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, டைப் அடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இப்பெல்லாம் கெளம்பறப்ப அவரே அடுப்பத் தொட்டுப் பாக்கறாருங்க. 'நானும் பாத்துட்டேன், வா அம்மணி'ங்கறாரு."

அப்படியானால் பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"அது எங்கீங்க போகும்? கூடவேதான் வருது. இப்ப அவரும் வாராருங்க."

துக்கம் கேட்கப் போனபோது வேலுசாமி என்னைத் தனியே அழைத்துப் போனார். "ஐ.சி.யூ.வுக்குள்ள என்னைய உடமாட்டேன்னுட்டாங்க. அவ தனியா இருந்தா பயப்படுவாளுங்கன்னேன். இத்தனை பேர் இருக்கறோம், எதுக்குப் பயம்னு நர்ஸம்மா கேட்டாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எதுக்குன்னு இருந்தாத்தான் பயமுங்களான்னு கேட்டேன். உள்ள உட்டுட்டாங்க. கடைசி வரைக்கும் கூடத்தான் இருந்தேனுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வநாயகியின் வரிகளில் எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அவர் எழுதாத, நர்ஸிடம் வேலுசாமி கேட்ட அந்தக் கேள்வியைத்தான்.